பவர் வீடரை காரில் ஏற்றிப் போவது எப்படி? காரும் கெடாமல், இன்ஜினும் கெடாமல்

தோட்டம் ஓரிடம், குடியிருப்பது வேறிடம் என்று இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். எனக்குக் கோவையில் வீடு, உடுமலை பக்கம் தென்னந்தோப்பு. மரங்களுக்கு நடுவே களை எடுக்க ஒரு பவர் வீடர் வைத்திருக்கிறேன். தோப்பில் பூட்டி வைக்க அறை கிடையாது. ஒவ்வொரு தடவையும் குட்டியானை பிடித்தால் கட்டுப்படியாகாது. அதனால் பின் சீட்டை மடக்கிவிட்டு என் சின்ன காரிலேயே கொண்டு போய் வருகிறேன்.

முதல் தடவை சீட் கிழியக் கூடாது, பெயின்ட் உரசக் கூடாது என்று காரைப் பற்றியே கவலைப்பட்டேன். மெஷினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். தோப்பில் இறக்கி ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் அரை அடிக்கு மேல் வரவில்லை. பாறையில் கட்டிய கயிறு மாதிரி நின்றது. பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "எந்தப் பக்கமாங்ண்ணா சாச்சு வச்சீங்க?" என்று கேட்டார். அதற்குள்ளேயே ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே இருந்த காகித ஃபில்டர் ஆயிலில் ஊறிக் கன்னங்கரேல் என்று இருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கயிற்றை இழுத்ததும், அந்த ஓட்டை வழியாக ஆயில் பீய்ச்சி அடித்தது.

அன்று கற்றுக்கொண்டதிலிருந்து நான் பின்பற்றும் முறை இது. காரில் எதை விரிப்பது என்பதற்கு முன்னால், இன்ஜினுக்குள் இருக்கும் ஆயிலும் பெட்ரோலும் எங்கே ஓடும் என்று யோசித்துவிடுங்கள்.

1. முதலில் அளவு டேப்பை எடுங்கள்

காருக்குள் இடம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பின் கதவின் வாய் உள்ளே இருக்கும் இடத்தைவிடக் குறுகலானது. அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, கைப்பிடி கழற்றிய மெஷினின் உயரமும் அகலமும் வருகிற மாதிரி ஒரு சட்டம் செய்துகொள்ளுங்கள். அதைக் கதவு வழியாக உள்ளே நுழைத்துப் பாருங்கள். அட்டை நிமிர்ந்தபடி தட்டாமல் போனால் மெஷினும் போகும். தட்டினால் வேறு வண்டி பாருங்கள். 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது.

டிக்கி தனியாக உள்ள செடான் காருக்கு இந்த முறை ஒத்துவராது. பின் சீட் முழுதாக மடங்கி, பின் கதவு மேலே திறக்கிற கார்தான் தோதானது.

2. பெட்ரோலை வெளியேற்றுங்கள்

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் டேப்பை மூடிவிடுங்கள். கார்ப்பரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்ததும் தானாக நின்றுவிடும். குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். சைலன்சரைத் தொட்டால் சுடக் கூடாது. அதன் பிறகு டேங்கில் இருப்பதைக் கை பம்ப் வைத்து மூடியுள்ள இரும்புக் கேனுக்கு மாற்றுங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வயிற்றைவிட நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

இதை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தங்கும். மூடிய காருக்குள்ளும் அப்படியே காலடியில் தேங்கி நிற்கும். அந்தக் கேனையும் காரில் ஏற்றாதீர்கள், வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தோட்டத்துக்குப் பக்கத்து பங்கில் வாங்கிக்கொள்ளலாம்.

டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் சாய்த்தால் அது வழியாகக் கசியும். டேங்கைக் காலி செய்யச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

3. பிளக் மூடியைக் கழற்றுங்கள்

ஸ்பார்க் பிளக் மேல் இருக்கும் ரப்பர் மூடியை இழுத்து எடுத்து, பிளக்கில் படாதபடி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். இனி பிளேடு பக்கம் கை வைக்கப் போகிறோம். அதைச் சுற்றும்போது தவறிப்போய் இன்ஜின் கிளம்பிவிடக் கூடாது. கால் நிமிஷ வேலைதான், தவிர்க்காதீர்கள்.

4. கழுவி, கழற்றி, படம் எடுங்கள்

பிளேடுகளில் ஒட்டிய மண்ணைக் கழுவுங்கள். கார் அழுக்காகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மண்ணில் கோரைக் கிழங்கும் பார்த்தீனிய விதையும் இருக்கும். ஒரு தோட்டத்துக் கோரையை இன்னொரு தோட்டத்துக்கு நாமே சுமந்து போனால், பிறகு அதை அழிக்க வருஷக்கணக்காகும்.

பிறகு பின்னைக் கழற்றி இரண்டு பக்கத்துப் பிளேடுகளையும் உருவிவிடுங்கள். கோணிச் சாக்கில் சுற்றிக் கட்டினால் முனை எங்கும் குத்தாது. அடுத்தது கைப்பிடி. போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கேபிளையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் கழற்ற வேண்டியதில்லை. கைப்பிடியை மட்டும் விடுவித்து, கேபிளோடு சேர்த்து மெஷின் மேல் மடக்கி வைக்கலாம். கேபிள் பெரிய வளைவாக வளையட்டும். மடங்கி முறிந்தால் உள்ளே கம்பி சிக்கிக்கொள்ளும்.

போல்ட், நட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மெஷினிலேயே கட்டிவிடுங்கள். சட்டைப் பையில் போட்டால் தோப்புக்குப் போகும்போது ஒன்று குறையும்.

5. காரைத் தயார் செய்யுங்கள்

மடக்கிய சீட்டின் முதுகு பார்க்கத்தான் தட்டையாக இருக்கும். பாரம் ஓரிடத்தில் குவிந்தால் பள்ளம் விழும். முதலில் தார்ப்பாயை விரித்து, நாலு ஓரத்தையும் ஒரு சாண் உயரத்துக்கு மடித்து விடுங்கள். சொட்டும் ஆயில் அந்தத் தட்டுக்குள்ளேயே நிற்கும். அதன் மேல் அரை அங்குல பிளைவுட், பலகை மேல் பழைய ரப்பர் பாய். பலகை பாரத்தைப் பரப்பும், ரப்பர் வழுக்காமல் பிடிக்கும். பம்பர் விளிம்பில் தடிமனான ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். ஏற்றும்போது முதலில் அடிபடுவது அந்த இடம்தான்.

6. இரண்டு பேராகத் தூக்குங்கள்

இரும்புச் சட்டத்தில் மட்டும் கை வையுங்கள். டேங்க், சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி, ஸ்டார்ட்டர் கூடு எதுவும் பாரம் தாங்கச் செய்தவை அல்ல. முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து தூக்குங்கள். முதலில் மெஷினின் முன்பாதியை பம்பர் விளிம்பில் அமர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே தள்ளலாம்.

7. நிமிர்த்தியே வையுங்கள்

நான் தப்பு செய்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 200 சிசி அளவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் அடிவயிற்றில் சுமார் 600 மில்லி ஆயில் இருக்கும். அந்த அறையிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. இன்ஜின் நிமிர்ந்திருக்கும்போது அதில் ஆவி மட்டும் போய் வரும். ஃபில்டர் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்தால் ஆயிலே அதில் இறங்கிவிடும். இன்னொரு வழி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரியும் அறைக்குள் போவது. ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது. அறை நிறைந்துவிட்டால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் நின்றுவிடும். என் கயிறு நகராததற்குக் காரணம் அதுதான்.

நிமிர்த்தி வைக்க இடமே இல்லை என்றால், படுக்க வைக்கும் முன் ஆயிலையும் வடித்துவிடுங்கள். வடித்த பிறகும் ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மேலே இருக்கும்படிதான் சாய்க்க வேண்டும். கியர்பாக்ஸில் தனி ஆயில் உண்டு, அதையும் மறந்துவிடாதீர்கள். 'ஆயில் இல்லை' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஸ்டார்ட்டர் கைப்பிடியிலேயே கட்டுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் சில நிமிஷங்களில் இன்ஜின் போய்விடும்.

நீளத் தண்டின் முனையில் பிளேடு சுற்றும் புல் வெட்டி, அதாவது பிரஷ் கட்டர் என்றால் கதை வேறு. பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக், அடியில் ஆயில் தேங்காது. டேங்க்கைக் காலி செய்து, பிளேடைக் கழற்றி, டிக்கி மூலையிலிருந்து முன் பக்கத்துச் சீட்டின் காலடி வரை குறுக்காகப் படுக்க வைக்கலாம். தண்டின் மேல் எந்தப் பாரமும் ஏறக் கூடாது. லேசாக வளைந்தால் போதும், ஓடும்போது கையே மரத்துப்போகிற அளவுக்கு அதிரும்.

8. கட்டுங்கள்

சடன் பிரேக் போட்டால் 60 கிலோ இரும்பு முன்சீட்டை நோக்கித்தான் பாயும். முன்சீட்டின் முதுகோடு மெஷின் ஒட்டியிருக்கும்படி தள்ளி, இடைவெளியில் சாக்கைத் திணியுங்கள். பிறகு ராட்செட் பெல்ட்டால் (நெம்பி நெம்பி இறுக்கும் பட்டை) இரும்புச் சட்டத்தை நாலு திசையிலும் இழுத்துக் கட்டுங்கள். டிக்கியில் இரும்பு வளையம் இருந்தால் அதில், இல்லையென்றால் முன்சீட்டின் இரும்பு ரெயிலில். பெல்ட் கேபிள் மேலோ டேங்க் மேலோ ஏறக் கூடாது. பெல்ட் இல்லாவிட்டால் கயிற்றுக் கடைத் தேங்காய் நார்க் கயிறு போதும். நைலான் கயிறு இழுபடும், முடிச்சும் வழுகும்.

கிளம்பி ஐந்தாறு கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். சாக்கு அமுங்கிக் கட்டு தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள்.

9. ஓட்டும்போது

இரண்டு பக்கக் கண்ணாடியும் கொஞ்சம் இறங்கியே இருக்கட்டும். காலி டேங்கிலும் ஆவி இருக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது. பின் கதவைத் திறந்தபடி கைப்பிடியை வெளியே நீட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு இது.

10. இறக்கிய பிறகு

சமதரையில் நிறுத்திக் கால் மணி நேரம் விடுங்கள். ஆயில் கீழே இறங்கட்டும். ஆயில் மூடியோடு வரும் அளவுக் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு ஆயில் அளவு பாருங்கள். பிளேடு, கைப்பிடி எல்லாம் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். பிளக் மூடியை இன்னும் மாட்டாமலே கயிற்றை மெதுவாக ஒருமுறை இழுங்கள்.

லேசாக வந்தால் சரி. மூடியை மாட்டி, பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யலாம். இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், கயிறும் ஸ்டார்ட்டரும் போய்விடும். பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்கு நேரே முகத்தைக் காட்டாமல், பழந்துணி ஒன்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு தடவை இழுங்கள். உள்ளே புகுந்த ஆயில் துணியில் வந்துவிடும். ஏர் ஃபில்டர் காகிதம் நனைந்திருந்தால் புதிது மாற்றுங்கள், காய வைத்துப் பயனில்லை. ஆயில் அளவு குறைந்திருந்தால் நிரப்புங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரத்துக்கு வெள்ளைப் புகை வரும். உள்ளே ஒட்டியிருக்கும் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். புகை அடங்கும் வரை சும்மா ஓட விட்டு, அப்புறம் களையில் இறக்குங்கள்.