சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி

“வரும் ஞாயிறு காலை 7 மணிக்குச் சிரமதானம். அனைவரும் வருக.” இப்படி எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டினால் சனம் வாசித்துவிட்டுப் போகும். வட்ஸ்அப் குழுவில் போட்டால் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் கும்பிடு வந்து குவியும். வாய்க்கால் வெட்டுவதுபோன்ற ஊர் வேலையைக் கூலியில்லாமல் சேர்ந்து செய்ய மண்வெட்டியோடு வருவது வழக்கமான அதே நாலு பேர்தான். நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர். இந்தத் தலையிடி எல்லாச் செயலாளருக்கும் உண்டு என்பதால், எனக்குக் கைகொடுத்த வழிகளை எழுதுகிறேன்.

அறிவித்தலை ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். ஒரு கொப்பியில் ஆளின் பெயர், அவர் கொண்டுவர வேண்டிய சாமான், அவர் நிற்க வேண்டிய இடம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். “அண்ணை, ஞாயிற்றுக்கிழமை உங்கட மண்வெட்டியோட வாங்கோ. மதகடிக்கு உங்களைத்தான் நம்பியிருக்கிறன்.” இவ்வளவு போதும்.

கோயில் வீதியில் பத்துப் பேர் நிற்கும்போது இப்படிக் கேட்காதீர்கள். சபையில் இல்லையென்று சொல்ல வெட்கப்பட்டு ஓம் என்பார், ஞாயிறு காலை அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். படலையில் தனியாகக் கேட்டால், ஏலாது என்றால் அப்போதே சொல்லிவிடுவார். நீங்களும் வேறு ஆளைப் பார்க்கலாம்.

“சனத்துக்கு முந்தின ஊர்ப்பற்று இல்லை” என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. 1968இல் பிப் லட்டானே, ஜோன் டார்லி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நியூயோர்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி, ஒலிவாங்கி வழியாகக் கதைக்க விட்டார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல ஒரு குரல் திணறும். அது முன்பே பதிவு செய்து வைத்த குரல். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 வீதமானோர் அந்தக் குரல் ஓய்வதற்குள் எழுந்து உதவி தேடிப் போனார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 வீதம். போகாமல் இருந்தவர்கள் கல்மனக்காரர் அல்லர். ஆய்வாளர் உள்ளே வந்தபோது பலருக்குக் கை நடுங்கியது, “அவருக்கு இப்ப சுகமா?” என்று விசாரித்தார்கள். வேறு யாராவது போயிருப்பார்கள் என்ற நினைப்புத்தான் அவர்களைக் கதிரையில் இருத்தி வைத்தது. எங்கள் வட்ஸ்அப் குழுவிலும் நடப்பது இதுவே.

வீதியில் விபத்து என்றாலும் இதே கதைதான். “யாராவது அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ” என்று கத்தினால் கூட்டம் பார்த்துக்கொண்டே நிற்கும். ஒருவரைக் கைகாட்டி, “நீலச் சேட்டுத் தம்பி, 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு நீங்கள் எடுங்கோ, எடுத்துப்போட்டு என்னட்டச் சொல்லுங்கோ” என்று சொல்லுங்கள்.

ஒருவரிடம் நேரே ஒப்படைப்பதன் பலத்தை 1975இல் மொரியாற்றி என்ற ஆய்வாளரும் காட்டினார். நியூயோர்க் கடற்கரை ஒன்றில் தன் ஆளொருவரை விரிப்பில் வானொலியோடு இருத்தினார். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சாமானைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போவார். சற்று நேரத்தில் ஆய்வாளரின் இன்னொரு ஆள் திருடன்போல வந்து வானொலியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்ட 20 பேரில் 19 பேர் அவரை மறித்தார்கள். அப்படிச் சொல்லப்படாத 20 பேரில் மறித்தவர்கள் 4 பேர். கசூரினாக் கடற்கரையில் குளிக்க இறங்குமுன் பக்கத்துக் குடும்பத்திடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள்.

சரி, ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லாரையும் ஒரே இடத்தில் இறக்கிவிடாதீர்கள். பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். அவர் 1913இல் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒவ்வொருவரும் தன் தனிப் பலத்தில் பாதியளவுதான் தருகிறார். இழுவை ஒரே நேரத்தில் சேராதது ஒரு காரணம். ஆனால் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பினாலே இழுப்புக் குறைகிறது என்று பிற்காலப் பரிசோதனைகள் காட்டின. ஆகவே வாய்க்காலைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். மதகிலிருந்து பூவரசு மரம் வரை இந்த இரண்டு பேர், அங்கிருந்து மின்கம்பம் வரை அந்த இரண்டு பேர். எந்தத் துண்டு யாருடையது என்பது ஊருக்குத் தெரிந்தால் மூலையில் கிடக்கும் பொலித்தீனையும் குனிந்து எடுப்பார்கள். தேநீருக்கும் பெயர் குறியுங்கள். இல்லாவிட்டால் மூன்று கேத்தல் வரும், அல்லது ஒன்றுமே வராது.

அப்புறம், “போனமுறை ஒருவருமே வரவில்லை” என்று கோபத்தில் எழுதாதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில், மரங்கள் கல்லாகிப்போன கல்மரக் காடு ஒன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது. ‘பலர் இங்கிருந்து கல்மரத் துண்டுகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள்’ என்ற கருத்தில் பலகை வைத்தபோது, எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டதைவிடத் திருட்டுக் கூடியதை உளவியலாளர் சியல்டினியின் குழு கண்டது. வராதவர்களின் கணக்கைச் சொன்னால், வராமல் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்று நாங்களே அறிவித்ததாகிவிடும். இப்போது நான் குழுவில் போடுவது இப்படி: “மதகிலிருந்து வாசிகசாலை வரை வெட்டியாயிற்று. கேணிப் பக்கம் மிச்சம். செவ்வாய் பின்னேரம் ஆள் கேட்டு வருவேன், நாயைக் கட்டி வையுங்கோ.”