தண்டர்பேர்டில் காணாமல் போன மெயில்கள் திரும்பி வந்தது எப்படி?

தண்டையார்பேட்டையில் சித்தப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீஸ். போன வாரம் கரண்ட் போய், கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துவிட்டது. திரும்பப் போட்டால், மெயில் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் காலி. ஹார்பருக்குப் போன கன்டெய்னர் விவரமெல்லாம் அதில்தான். சித்தப்பா முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டு, ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் காப்பி எடுத்தேன். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். மெயில் மட்டுமல்ல, முகவரிப் புத்தகமும் காலண்டரும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

உள்ளே இன்பாக்ஸ் ஃபைல் 2 ஜிபிக்கு மேல் இருந்தது. அப்போதுதான் உயிரே வந்தது. பாப் (POP) முறையில், அதாவது சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கே இறக்கிய மெயில்கள் அந்த ஒரே ஃபைலில் வரிசையாகச் சேர்கின்றன. பக்கத்திலேயே எம்எஸ்எஃப் என்று முடியும் குட்டி ஃபைல் வெறும் அட்டவணை. கெட்டுப்போனது அதுதான். அதை மட்டும் அழித்துவிட்டுத் திறந்தேன். தண்டர்பேர்டே புதிதாக எழுதிக்கொண்டது. மெயில்கள் அத்தனையும் வந்துவிட்டன! ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ரிப்பேர் ஃபோல்டர் கொடுத்தாலும் அட்டவணை புதிதாகிவிடும்.

அப்புறம், மறுநாளே ஒரு யுபிஎஸ் வாங்கி வைத்தோம்.