தீயணைப்பு நிலையத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழலையர் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் ஆசையாகத் திட்டமிடும் முதல் வெளிப்பயணம் பெரும்பாலும் தீயணைப்பு நிலையத்துக்குத்தான். பெரிய வண்டி, நீளமான குழாய், சைரன் என்று குழந்தைகளுக்குப் பிடித்த எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. முன்கூட்டி அனுமதி வாங்குவது, கிளம்பும் முன் கழிப்பறைக்கு அனுப்புவது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முழு உடையில் வீரரைத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்துவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான்.

ஒரு நிலையத்தில் குழந்தைகளைத் தரையில் உட்காரவைத்திருந்தோம். எல்லாருக்கும் நான்கு வயது இருக்கும். கூட வந்த இளம் ஆசிரியர், குழந்தைகளுக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று வீரரிடம் முன்பே பேசிவைத்திருந்தார். முழு உடை, முகமூடி, ஹெல்மெட், முதுகில் சிலிண்டர் சகிதம் அவர் வண்டிக்குப் பின்னாலிருந்து வந்து நின்றார். மூச்சுக் கருவியிலிருந்து 'உஷ்... உஷ்...' என்று சத்தம். பாதிப் பேர் அலறிவிட்டார்கள். ஒரு பையன் பெஞ்சுக்கு அடியில் நுழைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார்கள்.

அந்தப் பையன் செய்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் தீப்பிடித்தால் சிறு குழந்தைகள் பலரும் செய்வது இதைத்தான்: கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். புகை நிறைந்த அறையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வீரர் தரையோடு தவழ்ந்து, கையால் தடவித் தடவித் தேடுவார். அவர் கூப்பிடும் குரல் முகமூடிக்குள்ளிருந்து வேறு மாதிரி ஒலிக்கும். அதைக் கேட்டுப் பயந்து இன்னும் உள்ளே ஒடுங்கும் குழந்தையைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும். அந்தத் தாமதம் உயிரைப் பறிக்கலாம். இந்த உருவத்தைப் பார்த்தால் அதன் பக்கம் போக வேண்டும் என்று கற்றுக்கொடுக்கத்தான் குழந்தைகளை அங்கே கூட்டிப்போகிறோம். சர்ப்ரைஸ் கொடுத்தால் நேர் எதிரான பாடத்தைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

சரி, எப்படிச் செய்வது? வீரர் முதலில் சாதாரண உடையில் வந்து குழந்தைகளோடு தரையில் உட்காரட்டும். தன் பெயரைச் சொல்லட்டும், இரண்டு வார்த்தை பேசட்டும். அப்புறம் அவர்கள் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாக அணியட்டும். முதலில் பூட்ஸும் கால்சட்டையும், பிறகு மேல்கோட்டு, அடுத்து சிலிண்டர், அதற்குப் பிறகுதான் முகமூடி, கடைசியில் ஹெல்மெட்டும் கையுறையும். அணியும்போது பேச்சை நிறுத்தக் கூடாது என்பது முக்கியம். முகமூடி ஏறியதும், "நான்தான், இப்போதும் நான்தான் பேசுகிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். முகம் மறைந்தாலும் குரல் அதே ஆளுடையது என்று அப்போதுதான் குழந்தைக்குப் பிடிபடும். அந்த உடையிலேயே கொஞ்சம் தவழ்ந்தும் காட்டட்டும். பிறகு எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே கழற்றட்டும். உடையும் கருவிகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் இதற்கெல்லாம் நேரம் எடுக்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

சிலிண்டரைக் காட்டி "ஆக்சிஜன்" என்று விளக்குவதை அடிக்கடி கேட்கிறேன். வழக்கமாக அதில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. "நாம் சுவாசிக்கும் அதே காற்று" என்று சொன்னால் குழந்தைக்கும் எளிதில் புரியும்.

பயப்படும் குழந்தையை முன்னால் தள்ளி "கை குடு, கை குடு" என்று நச்சரிக்க வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தாலே போதும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும், புதிய சத்தங்களைத் தாங்க முடியாதவர்களுக்கும் முகமூடி அணிந்த வீரரின் படத்தை இரண்டு மூன்று நாள் முன்பே காட்டிப் பழக்குங்கள்.

சொல்லாமல் சைரன் அடிப்பது

பக்கத்தில் நின்று கேட்டால் சைரன் சத்தம் 110 டெசிபலைத் தாண்டும். கூரைக்குக் கீழே அது எதிரொலித்து இன்னும் மோசமாகும். வண்டியை வெளியே நிறுத்தச் சொல்லுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிற்கவையுங்கள். காதைப் பொத்தவைத்து, சேர்ந்து மூன்று எண்ணி, ஒரே ஒரு சிறு ஒலி மட்டும் கேட்கட்டும். வழி விடச் சொல்லித்தான் அது கத்துகிறது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

புகைப்படத்துக்காக வீரரின் ஹெல்மெட்டைத் தலையில் வைப்பது

தீயில் பயன்படுத்திய உடையிலும் ஹெல்மெட்டிலும் கரியும் புகையின் நச்சுப் பொருட்களும் படிந்திருக்கும். தீயணைப்பு வேலையில் இத்தகைய ஆபத்துகளுக்கு உடல் ஆட்படுவதையே 2022இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. காட்சிக்கென்று சுத்தமாக வைத்திருக்கும் உடை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பொம்மை ஹெல்மெட் கொண்டுபோங்கள். கிளம்பும் முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

"அழுதால் அந்த மாமாவிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்"

வேண்டாம். ஒருமுறைகூட.

நடுவில் அழைப்பு வந்தால் என்ன செய்வதென்று யோசிக்காமல் போவது

வீரர்கள் ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் வண்டியோடு கிளம்பியாக வேண்டும். குழந்தைகள் வழியில் நின்றால் அந்த நேரம் வீணாகும், ஆபத்தும்கூட. போனவுடன் முதல் வேலையாக, "மணி அடித்தால் நாங்கள் எங்கே ஒதுங்க வேண்டும்?" என்று கேட்டு, குழந்தைகளை அந்தச் சுவரோரம் ஒருமுறை நிற்கவைத்துப் பாருங்கள். வண்டி வெளியேறும் கதவுக்கு முன்னால் யாரையும் உட்காரவைக்காதீர்கள். ஒவ்வொரு குழந்தையின் பொறுப்பும் எந்தப் பெரியவருடையது என்று கிளம்பும்போதே பிரித்துவிடுங்கள். 'டாட்டா' சொல்லாமலேயே அவர்கள் ஓடிவிடலாம் என்று குழந்தைகளிடமும் சொல்லிவைத்தால் யாரும் ஏமாந்து அழமாட்டார்கள்.

உருளும் பயிற்சியை மட்டும் கற்றுக்கொண்டு வருவது

நின்று, படுத்து, உருள்வது உடையில் தீப்பற்றினால் மட்டும்தான். விளையாட்டு போல இருப்பதால் அது ஒன்றே மனதில் தங்கி, அபாய மணி கேட்டதும் உருளத் தொடங்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். வெளியே போ, ஒளியாதே, பொம்மையை எடுக்கத் திரும்பிப் போகாதே. இந்த மூன்றையும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். புகை மேலே எழும், தரையோரம் காற்று சற்றுத் தெளிவாக இருக்கும் என்று காரணத்தைச் சொன்னால் தவழ்ந்து போவதையும் பிடித்துக்கொள்வார்கள்.

அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பது

நான்கு வயதுக்கு அதுவே அதிகம்.

வந்த பிறகு அப்படியே விட்டுவிடுவது

மறுநாள் வரையச் சொல்லுங்கள். முகமூடிக்குள் கண்ணும் வாயும் வரைந்த குழந்தை உள்ளே ஒரு ஆள் இருப்பதைப் புரிந்துகொண்டது. வெறும் கறுப்பு வட்டம் போட்டு நிறுத்திய குழந்தையோடு உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள், படங்களை மறுபடி காட்டுங்கள். தீயணைப்பு வீரர் கூப்பிட்டால் "நான் இங்கே இருக்கேன்!" என்று சத்தமாகக் குரல் கொடுக்கும் விளையாட்டை ஒரு வாரமாவது தொடருங்கள். பெற்றோருக்கும் அன்றே ஒரு சீட்டு அனுப்புங்கள். வீட்டிலிருந்து வெளியேற எத்தனை வழி இருக்கிறது, வெளியே வந்ததும் எல்லாரும் எந்த மரத்தடியில் அல்லது எந்தக் கம்பத்தருகில் சேர வேண்டும் என்பதைக் குழந்தையோடு நடந்துபார்த்து முடிவுசெய்யச் சொல்லுங்கள்.