கேமராவோடு முதல் மான் வேட்டை: அறுபதை நெருங்குகிறவர்களுக்கு

58 வயதில் “மான் வேட்டைக்குப் போகப்போகிறேன்” என்றதும் என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே, “ஜாமீனுக்கு யாரைக் கூப்பிடணும்னு எழுதி வெச்சுட்டுப் போங்க” என்றாள். வேட்டை கேமராவில்தான் என்று சொன்ன பிறகும் முகத்தில் பெரிய நிம்மதி தெரியவில்லை. கேமரா என்ன விலை என்று அவளுக்குத் தெரியும்.

பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடி வீட்டில் இருந்துகொண்டு, குரு யாரும் இல்லாமல், தப்புத் தப்பாகச் செய்து நானே கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். கேமராவைப் பற்றிக் குறைவாகவும், உட்காருவதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும். வேலையும் அந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

படி 1: சட்டம்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், நாம் தேடப்போகும் வெளிமான் (பிளாக்பக்) முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இது ஓரளவு எல்லோரும் அறிந்ததுதான். பலர் கவனிக்காத விஷயம், ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் பொருள். கொல்வது மட்டுமல்ல, துரத்துவதும், இரை வைத்து வரவழைப்பதும், அதற்கு முயல்வதும்கூட அதில் வந்துவிடும். மான்கூட்டத்தை வண்டியில் விரட்டி ‘ஆக்‌ஷன் ஷாட்’ எடுக்கிறவர் துப்பாக்கி இல்லாமலே மாட்டிக்கொள்ளலாம். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பையும் ஞாபகார்த்தமாக எடுத்து வந்துவிடாதீர்கள்.

படி 2: எந்த மான்?

தமிழில் ‘மான்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு குடும்பங்களை அடைத்து வைத்திருக்கிறோம். புள்ளிமான், கடமான் என்கிற மிளா, கேளையாடு எல்லாம் ஒரு பக்கம். இவற்றில் ஆணின் கொம்பு உதிர்ந்து உதிர்ந்து மறுபடி முளைக்கும். வெளிமான் இன்னொரு பக்கம், ஆடு மாடுகளின் உறவு. கொம்பு முறுக்கிக்கொண்டு போகும், கிளை விடாது, உதிராது. பழைய தமிழில் இதற்கு இரலை என்று பெயர். ஆணைக் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் பிரித்துச் சொன்ன மொழி நம்முடையது. இப்போது எல்லாவற்றையும் ‘டியர்’ என்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வெளிமான். புள்ளிமான் மரநிழலில் நிற்கும், படத்தில் பாதி இலையாக இருக்கும். சஃபாரி ஜீப்பில் போனால் எங்கே நிறுத்துவது என்பதும் நம் கையில் இல்லை. வெளிமான் திறந்த புல்வெளியில், பகலில் மேயும். தூரத்திலேயே தெரியும். நாமும் அதற்குத் தெரிவோம், அதுதான் சிக்கல்.

பெங்களூருக்குப் பக்கத்தில் இடம் என்றால் தும்கூர் மாவட்டம் மதுகிரி தாலுகாவில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள மைதனஹள்ளி. 2007-இல் ஜயமங்கலி வெளிமான் காப்பகம் என்று அறிவித்தார்கள். சுமார் 800 ஏக்கர் புல்வெளி, ஒரு காவல் கோபுரம் உண்டு. எலஹங்கா, தொட்டபள்ளாபுரம், கௌரிபிதனூர் வழியாக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எங்கே வண்டி போகலாம், எங்கே இறங்கலாம் என்பதில் அங்கிருக்கும் வாட்சர் சொல்வதே முடிவு. அவரிடம் கன்னடத்தில் ‘ஜிங்கெ’ என்று கேட்டால் போதும்.

படி 3: சாமான்கள்

கேமராவுக்கு முன்னால் பைனாகுலர் வாங்குங்கள். அதன்மேல் 8x42 என்று போட்டிருந்தால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அதற்குமேல் பெருக்கம் போனால் நம் வயதுக் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும்.

கேமரா பழையதாக இருந்தால் போதும். 300 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் ஒன்று இருந்தால் தொடங்கிவிடலாம். கழுத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தொங்கினால் அரை மணியில் வீட்டு நினைப்பு வந்துவிடும்.

கேமரா வாங்கிய புதிதில் இரண்டு வாரம், அதன் வழியாக எதைப் பார்த்தாலும் மங்கலாகவே தெரிந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம்தான் கண் வைக்கும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருப்பதைப் பார்த்தேன். நம் கண்ணின் பவருக்கு ஏற்ப அதைத் திருக வேண்டும். தூரத்து விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள், துளைக்குள் தெரியும் எண்களைப் பாருங்கள். அவை கூர்மையாகும்வரை திருகுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. இளைஞர்கள் போடும் வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை, அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

லென்ஸைத் தாங்க முக்காலி வேண்டாம், விரித்து நிறுத்துவதற்குள் மான் ஆந்திரா போய்விடும். பழைய ஜீன்ஸின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையைத் தைத்து, ஒன்றரைக் கிலோ அரிசியைக் கொட்டி, மறுமுனையையும் தைத்துவிடுங்கள். முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். அப்போதுதான் நடுவில் குழிந்து லென்ஸ் அதில் உட்காரும். கார் ஜன்னல் மேலும் கிடக்கும், தரையிலும் கிடக்கும்.

படி 4: பழக்கம்

நான் ஒரு மாதம் அல்சூர் ஏரிக்கரையில் நாரைகளையும் நீர்க்காகங்களையும் எடுத்தேன். ஷட்டர் வேகம் நிற்பதற்கு 1/500 நொடி, ஓடுவதற்கு 1/2000 நொடி, ஐஎஸ்ஓ-வை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) தானியங்கியில் விட்டுவிடுங்கள். ஃபோகஸ் எப்போதும் கண்ணின் மேல். இவ்வளவுதான் பாடம். கண்ணை எடுக்காமல் பொத்தான்களை விரல் தேடிப் போக வேண்டும், அதற்குத்தான் ஒரு மாதம்.

அடுத்து, மெஜஸ்டிக்கில் 365 பஸ் ஏறிப் பன்னேர்கட்டா. அங்கே சஃபாரியில் புள்ளிமானும் கடமானும் கிட்டத்திலேயே நிற்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இதைவிட முக்கியம் உட்காரும் பயிற்சி. மொட்டை மாடியில் பாயைப் போட்டு, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, 40 நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் நாள் 6 நிமிடத்தில் எனக்குக் கால் மரத்துப்போனது. கீழே உட்கார்ந்து எழ முடியாதவர்கள் மடக்கு முக்காலி ஸ்டூல் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கம் இல்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதிகாலைப் பயணத்தில் மாத்திரையையும் சாப்பாட்டையும் எப்படி மாற்றிக்கொள்வது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 5: முந்தின இரவு

காக்கி அல்லது காய்ந்த புல் நிறச் சட்டை, கணுக்கால் மூடும் ஷூ, இரண்டு பேட்டரி, தண்ணீர், இட்லி. சென்ட் வேண்டாம். கரடுமுரடான வறண்ட நிலத்தில் சுருட்டைவிரியன் இருக்கும், உட்காரும் முன் இடத்தைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். காலை 3.30-க்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது அங்கே இருக்கலாம்.

படி 6: களம்

முதல் முறை நான் வெள்ளைச் சட்டையில் போனேன். காரிலிருந்து இறங்கிக் கதவை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாத்துவது போலச் சாத்தினேன். கூட்டத்தில் ஒன்று நின்ற இடத்திலேயே எகிறிக் குதித்தது. அடுத்தடுத்து எல்லாம் எகிறின, அவ்வளவுதான். அன்று கிடைத்த 60 படங்களிலும் பின்பக்கம்தான்.

சரி, செய்ய வேண்டியது இது. பைனாகுலரில் கூட்டத்தைக் கண்டதும் அங்கேயே நில்லுங்கள். தலை நிமிர்ந்து, காது முன்னால் வந்தால் உங்களைப் பார்த்துவிட்டது. அது மறுபடி குனிந்து மேயும்வரை காத்திருங்கள். வாட்சர் நடக்க அனுமதித்தால், நேராக அதை நோக்கி நடக்காதீர்கள். வேறெங்கோ போகிறவர் போலச் சாய்வாக நடங்கள், முறைத்துப் பார்க்காமல். பத்தடி நடந்தால் ஒரு நிமிடம் நிற்கலாம். காலையில் கூட்டத்துக்குக் கிழக்கே போய்விட்டால் வெயில் உங்கள் முதுகில் விழும்.

காற்றுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பையில் விபூதிப் பொட்டலம். ஒரு சிட்டிகை தூவினால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். அது மானின் பக்கம் போனால் நம் வாசனையும் அங்கேதான் போகிறது. வெளிமான் கண்ணைத்தான் அதிகம் நம்பும், அதனால் வெயில் முதலில், காற்று அடுத்தது. காட்டில் புள்ளிமான் என்றால் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள். நடந்து போய் எடுத்த எந்தப் படமும் எனக்கு உருப்படியாக வரவில்லை. மூன்றாவது பயணத்தில், புழுக்கைகள் குவிந்து கிடந்த ஓர் இடம் கண்ணில் பட்டது. கலைமான் தன் எல்லைக்குள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து புழுக்கை போடும். எட்டத்தில் ஒரு புதரோரம் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. கரிய முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி சுண்ணாம்பு தடவியது போல வளையம். ஒரு புல் நுனியைத் தேர்ந்தெடுத்து, கண்ணுக்குக் கீழே இருக்கும் சுரப்பியை அதில் மெதுவாகத் தேய்த்தது. ஊசியில் நூல் கோர்க்கிறவர் முகத்தில் இருக்கும் கவனம். நான் ஷட்டரை அழுத்த மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 4 படம் எடுத்தேன். கரிய உடம்பு படம் முழுவதையும் நிறைத்தால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை வளையம் வெளுத்துப்போகும். கேமராவின் எக்ஸ்போஷர் அளவை (+/- குறி) ஒரு புள்ளி குறைத்து வையுங்கள்.

புல்லுக்குள் மறி தனியாகப் படுத்திருந்தால் கிட்டே போகாதீர்கள். தாய் அதை ஒளித்துவைத்துவிட்டுத்தான் மேயப் போயிருக்கும்.

9 மணிக்குமேல் மூட்டை கட்டிவிடலாம். தரை சூடாகிக் கானல் எழும்பிவிட்டால் எந்த லென்ஸிலும் மான் நீருக்கடியில் நிற்பது போல நெளியும்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை இரண்டு இடத்தில் ஏற்றி வையுங்கள், பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல் ஏறியிருக்கும். பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஒரு மணி நேரம் ஆகும். சோம்பல்பட்டு அப்படியே வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், அந்த வாரம் வீட்டில் எல்லோருடைய துணியும் குத்தியது.