மழைநீர் வடிகால் மாடல்: திரையில் வடியும் தண்ணீர் தெருவில் நிற்பது ஏன்?

சென்னையில் ஒரு வார்டுக்கு மழைநீர் வடிகால் மாடல், அதாவது மழைத் தண்ணீர் வடிகால்களில் எப்படி ஓடும் என்ற கணினிக் கணக்கு, போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.எம்.எம்.தான் (SWMM, மழைநீர் மேலாண்மை மாடல்), அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971இல் உருவாக்கி, இன்றும் இலவசமாகக் கொடுப்பது. ஓட்டிப் பார்த்தால் எந்த வடிகாலும் பொங்கவில்லை. மழை வந்ததும் அதே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர்.

நான் முதலில் பார்ப்பது வடிகாலின் கடைசிப் புள்ளியை. வந்த தண்ணீரெல்லாம் அங்கே தடையில்லாமல் விழுந்து போய்விடும் என்று விட்டிருப்பார்கள். ஊரை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற இதைவிட மலிவான வழி கிடையாது! நிஜத்தில் அந்த வாய் கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்காம் கால்வாயிலோ திறக்கிறது. ஆறு நிரம்பி ஓடினாலோ, கடல் ஏறி நின்றாலோ, வடிகால் வாயே மூழ்கிவிடும். நிலத்தின் வாட்டம் (சரிவு) மிகக் குறைந்த ஊர் இது. கடைசியில் அரை மீட்டர் மட்டம் உயர்ந்தால், பல தெருக்கள் தள்ளியும் தண்ணீர் தேங்கும். போதாக்குறைக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் இந்தக் கரையில் கடலின் சராசரி மட்டமும் உயர்ந்திருக்கும். அடையாற்று முகத்துவாரத்தை மணல்திட்டு அடைப்பது தனிக்கதை. ஆகவே கடைசிப் புள்ளிக்கு நேரத்துக்கு நேரம் மாறும் நீர்மட்டத்தைக் கொடுங்கள். மழையின் உச்சமும் கடல் ஏற்றத்தின் (ஓதத்தின்) உச்சமும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இதைக் கொடுத்துவிட்டு, நீரோட்டத்தைக் கணக்கிட ‘கைனமேடிக் வேவ்’ என்ற எளிய முறையைத் தேர்ந்தெடுத்தால் உழைப்பு வீண். தண்ணீர் எதிர்த்து ஏறும் என்பதே அதற்குத் தெரியாது. அதையும் கணக்கில் எடுக்கும் ‘டைனமிக் வேவ்’ முறை கணக்கிட நேரம் எடுக்கும், சில சமயம் தடுமாறும். ஆனாலும் தட்டையான ஊருக்கு அதுதான். இன்னொன்று: மேன்ஹோலில் பொங்கிய தண்ணீரை, நாம் தேங்கும் பரப்பைச் சொல்லி அனுமதிக்காவிட்டால், இந்த மென்பொருள் கணக்கிலிருந்தே கழித்துவிடும். தண்ணீர் மாயமாகிவிடுவதால் கீழ்த்தெரு காய்ந்து கிடக்கும்.

மழைக் கணக்குக்கு வருவோம். வானிலைத் துறையின் தினசரி அளவு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. நாள் முழுக்க 120 மி.மீ. என்றால், சமமாகப் பிரித்தால் மணிக்கு வெறும் 5 மி.மீ. அதில் பாதி ஒரே மணி நேரத்தில் கொட்டியிருந்தால் அது 60 மி.மீ. அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும் சின்ன வடிகாலுக்கு நாள் கணக்கு உதவாது. 15 நிமிட அளவாவது வேண்டும்.

வடிகாலின் அளவை வரைபடத்திலிருந்து அப்படியே எடுப்பதும் வழக்கம். 0.9 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள வாய்க்காலில் 0.4 மீட்டர் தூர் படிந்திருந்தால் ஆழம் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் வாய்க்காலில் ஓடும் நீரைக் கணக்கிடும் மேனிங் சூத்திரப்படி போட்டால் தண்ணீரைக் கடத்தும் திறன் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். தூர்வாரும் முன் ஒரு தடவை, வாரிய பின் ஒரு தடவை என இரண்டு கணக்கும் போடுவது நல்லது.

கடைசியாக, சரிபார்ப்பு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது, செம்பரம்பாக்கம் ஏரி நீரும் சேர்ந்து அடையாறு கரை மீறியது. அந்த வெள்ளம் சுவர்களில் விட்ட கோடுகளைப் பிடித்து வடிகால் மாடலைத் திருத்துபவர்கள் உண்டு. ஆற்று வெள்ளத்தை மேன்ஹோலில் வரவழைக்க, நிலம் உறிஞ்சும் அளவையும் குழாயின் சொரசொரப்பையும் கண்டபடி திருகுவார்கள். எண்கள் பொருந்திவிடும், ஆனால் காரணம் தப்பு. அந்த மழைக்கு முன் நவம்பரிலேயே நகரில் 1000 மி.மீ.க்கு மேல் பெய்து மண் ஊறிக் கிடந்தது. காய்ந்த மண்ணிலிருந்து மாடலைத் தொடங்கினாலும் பிழைதான். ஆறு கரை மீறாமல் தெருவில் மட்டும் தண்ணீர் நின்ற ஒரு சாதாரண நவம்பர் மழையை எடுத்துத் திருத்துங்கள். பிறகு எதையும் மாற்றாமல் வேறொரு மழைக்கு ஓட்டுங்கள். எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் தண்ணீர் வடிந்தது என்று அங்கே கடை வைத்திருப்பவரிடமே கேட்கலாம்.