கடவுச்சொல் காலாவதி: லினக்ஸ் சர்வர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் சர்வரைப் பாதுகாப்புத் தணிக்கைக்குத் தயார் செய்பவர்களில் பலர் புதிய கணக்குகளுக்கான இயல்பு அமைப்புகள் உள்ள லாகின் டெஃப்ஸ் (login.defs) கோப்பைத் திறந்து, கடவுச்சொல்லின் அதிகபட்ச ஆயுளாக அதில் இருக்கும் 99999 என்ற எண்ணை அழித்து, சிஐஎஸ் (CIS) என்ற அமைப்பின் பாதுகாப்பு வரையறை கேட்கும் 365 என்று எழுதியதும் வேலை முடிந்ததாகக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த எண் புதிய கணக்கு உருவாகும் வேளையில் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பழைய கணக்குகளின் ஆயுள், கடவுச்சொல் விவரங்களைக் கணக்குவாரியாக வைத்திருக்கும் ஷேடோ (shadow) கோப்பில் தனித்தனியாகப் பதிவாகியிருப்பதால், அவை முன்போலவே 99999 நாள், அதாவது ஏறக்குறைய 274 ஆண்டுகள், காலாவதியாகாமல் இருக்கும்.

ஷேடோ கோப்பில் ஒரு கணக்கின் வரியைப் பார்த்தால் இது விளங்கும். முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட அந்த வரியின் மூன்றாவது புலத்தில், கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்ட தேதி 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாள்களாக இருக்கும். அங்கே 20000 என்று இருந்தால் அது 2024 அக்டோபர் 4. அதிகபட்ச ஆயுளைக் குறிக்கும் ஐந்தாவது புலத்தில் 365 இருந்தால் அந்தக் கடவுச்சொல்லின் ஆயுள் 2025 அக்டோபர் 4 அன்று முடிகிறது. தணிக்கையில் காட்ட வேண்டிய சான்றும் இதுதான். சேஜ் (chage) கட்டளை இதையே கணக்குவாரியாகப் படிக்கத்தக்க தேதிகளாகத் தருகிறது.

இதை அறிந்தவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இன்னும் ஆபத்தானது. எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே மூச்சில் 365 என்று போட்டுவிட்டால், மூன்று ஆண்டுகளாகக் கடவுச்சொல் மாறாத கணக்குகள் அந்த நொடியிலேயே காலாவதியாகிவிடும். காலாவதியான பின் கணக்கு பூட்டப்படும் வரை தரப்படும் செயலிழப்புக் கெடுவாக 45 நாளும் சேர்த்து வைத்திருந்தால், புதிய கடவுச்சொல்லைக்கூடக் கேட்காமல் கணக்கு பூட்டிக்கொள்ளும். நிரல்கள் ஓடுவதற்கென வைத்திருக்கும், கடவுச்சொல் உள்ள ஒரு சேவைக் கணக்கு இப்படிச் சிக்கினால், இரவு தானாக ஓட வேண்டிய கிரான் (cron) பணி ஓடாது. பேக்கப் எடுக்கப்படவில்லை என்பது காலையில்தான் தெரியவரும். கடவுச்சொல்லுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் (SSH) சாவிக்கோப்பால் நுழைபவர்களும் தப்புவதில்லை, ஏனெனில் பாம் (PAM) என்ற லினக்ஸின் உள்நுழைவுச் சரிபார்ப்பு அமைப்பு வழியாகக் கணக்கின் நிலை சரிபார்க்கப்படும் சர்வர்களில் சாவி சரியாக இருந்தாலும் காலாவதி குறுக்கே நிற்கும். ஆகவே பழைய தேதியுள்ள கணக்குகளை முதலில் பட்டியலிட்டு, உரியவர்களுக்குச் சொல்லி மாற்ற வைத்த பிறகே ஆயுளைக் குறைக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சி, கடைசியாக மாற்றிய தேதியை மட்டும் இன்றைய தேதியாகத் திருத்துபவர்களும் உண்டு. மாற்றாத கடவுச்சொல்லை மாற்றியதாகப் பதிவு செய்வது என் பார்வையில் பொய்க்கணக்கு எழுதுவதே.

ஒருமுறை மாற்றிய கடவுச்சொல்லை மீண்டும் மாற்றக் காத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நாள்களை 0 என்று விடுவதும் தவறு. பழைய ஐந்து கடவுச்சொற்களைத் தடுத்திருந்தாலும், பத்தே நிமிடத்தில் ஆறு முறை மாற்றிப் பழையதற்கே திரும்பிவிடலாம். 1 என்று வைத்தால் அந்த வழி அடைபடும்.

எத்தனை நாள் என்பதில்தான் குழப்பம் அதிகம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்டிக் (STIG) என்ற பாதுகாப்பு அமைப்பு விதி 60 நாள் கேட்கிறது. அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ் (PCI DSS), உள்நுழையக் கடவுச்சொல் மட்டுமே ஒரே சரிபார்ப்பாக இருக்கும் இடங்களில் 90 நாள் என்கிறது. தங்களுக்கு எது பொருந்தும் என்று பாராமல், இருப்பதிலேயே கடுமையானதை எடுத்தால் பாதுகாப்பு கூடும் என்று நம்புவது பெரும்பாலும் எதிர்விளைவையே தருகிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய கடவுச்சொல் தெரிந்த நிலையில், 17 விழுக்காட்டுக் கணக்குகளின் புதிய கடவுச்சொல்லை ஐந்து ஊகங்களுக்குள் கண்டுபிடிக்க முடிந்தது. கடைசி எண்ணை ஒன்று கூட்டுவதுதானே நம்மில் பலரின் வழக்கம். 2017-இல் நிஸ்ட் (NIST) என்ற அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம், குறிப்பிட்ட கால இடைவெளியில் கடவுச்சொல் மாற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் பாதுகாப்பு அடிப்படை வரையறையிலிருந்து காலாவதி விதியையே எடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டுக் காலாவதியை நீக்குபவர்கள், அதே நிஸ்ட் ஆவணம் கடவுச்சொல் கசிந்ததற்கான சான்று கிடைத்தால் மாற்றத்தைக் கட்டாயமாக்கச் சொல்வதை விட்டுவிடுகிறார்கள். லினக்ஸில் அதற்கு அந்த மூன்றாவது புலத்தை 0 ஆக்கினால் போதும்; அடுத்த முறை உள்ளே நுழையும்போது புதிய கடவுச்சொல் கொடுக்காமல் எவரும் நகர முடியாது.