தனுஷ்கோடியில் பூநாரை பார்ப்பது எப்படி? (மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு)

தை பிறந்தால் போதும், "தனுஷ்கோடிக்கு பிளமிங்கோ வந்துருச்சாமே, போவமா?" என்று மதுரை நண்பர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். போய்விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் சொல்வது, "அங்கிட்டு தூரத்துல வெள்ளையா என்னமோ நின்னுச்சுப்பா." அந்த வெள்ளையாக நின்றதை உருப்படியாகப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

படி 1: முந்தின நாளே போய்விடுங்கள்

மாட்டுத்தாவணியில் பஸ், ஜங்ஷனில் ரயில், எதுவானாலும் சரி. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம். இரவு அங்கே தங்கி, விடியும் முன் ஆட்டோ பிடித்தால்தான் வேலைக்கு ஆகும். மதுரையில் வெள்ளனே கிளம்பிப் பத்து மணிக்குப் போய் நின்றால் கானல்தான் பார்க்கலாம். கானல் அடிக்க ஆரம்பித்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸிலும் பறவை நெளிந்துதான் தெரியும். அதிகம் ஜூம் செய்தால் நெளிசலும் அதிகமாகும்.

படி 2: கருவி

8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும். "10×50 வாங்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அந்தக் கடற்கரைக் காற்றில் கை நிற்காது. ஸ்டாண்டோடு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். பெரிய ஜூம் கேமராவை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா கையில் இருந்தால் கண் பறவையிடம் இருக்காது. ட்ரோன் கூடவே கூடாது. 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்துவிட்டது.

படி 3: எங்கே நிற்பது

ராமேஸ்வரத்திலிருந்து போகும்போது வலது கைப்பக்கம் ஆண் கடல் (அலையடிக்கும் மன்னார் வளைகுடா), இடது கைப்பக்கம் பெண் கடல் (அமைதியான பாக் நீரிணைப் பக்கம்). நீங்கள் பார்க்க வேண்டியது இடது பக்கம், முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிக் கிடக்கும் உப்பங்கழி. கோதண்டராமர் கோயில் திருப்பத்திலிருந்தே மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

ரோட்டை விட்டு இறங்காதீர்கள். சேறு ஆளை வாங்குகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, நீங்கள் பத்தடி நெருங்கினால் அவை இருபதடி தள்ளிப் போகும். மேய்ந்துகொண்டிருந்த கழுத்தெல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்படியே நில்லுங்கள். இதற்கு மேலும் போனால் காற்றை எதிர்த்துத் தண்ணீரில் ஓடி எழும்பிப் பறந்துவிடும். அதோடு அன்றைய காட்சி முடிந்தது.

படி 4: அலகைப் பாருங்கள் (இங்கேதான் பொறுமை வேண்டும்)

பெரும்பாலும் தலை தண்ணீருக்குள்ளேயே இருக்கும். "தலையே தெரியலையே" என்று சலித்துக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் விடாமல் பாருங்கள். மூச்சு வாங்கவோ இடம் மாறவோ தலையைத் தூக்கும். இளஞ்சிவப்பு அலகு, நுனியில் மட்டும் கறுப்பு, நடுவில் ஒரு வளைவு. மறுபடி தலையை இறக்கும்போது அந்தக் கறுப்பு நுனி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். தன் காலைப் பார்த்துத்தான் திரும்பும். அதாவது தலை கவிழ்ந்து, மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயுமாக இருக்கிறது.

உள்ளே நடப்பதைக் கேளுங்கள். தடித்த நாக்கு அடிபம்பு மாதிரி நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் போய், தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரங்களில் உள்ள சீப்புப் பற்களில் இறால் குஞ்சு, புழு, சிறு நத்தை, விதை எல்லாம் சிக்கிவிடும். தண்ணீரோடு உள்ளே போகும் கூடுதல் உப்பைத் தலையில் இருக்கும் சுரப்பிகள் பிரித்து மூக்குத்துளை வழியாக வெளியேற்றிவிடும்.

சில பறவைகள் தலையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிச் சுற்றிக் காலால் மிதிக்கும். அடிச்சேறு கலங்கி இரை மேலே வரத்தான் இந்த மிதி. தண்ணீர் வற்றிய ஓரங்களில் சேற்றில் வட்ட வட்டமாகத் தடம் கிடந்தால் அது இவற்றின் கைங்கரியம், இல்லை, கால்வண்ணம்.

படி 5: ஒற்றைக்கால்

காலின் நடுவில் பின்னால் மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். நிஜ முழங்கால் உடம்போடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், இறந்த பூநாரையைக்கூட ஒற்றைக்காலில் நிறுத்த முடிகிறது, இரண்டு காலில் முடியவில்லை என்று காட்டினார்கள். உடல் எடையே மூட்டைப் பிடித்துக்கொள்வதால் தசைக்கு வேலை குறைவு. குளிரில் ஒரு காலை இழுத்து வைத்துக்கொண்டால் உடல் சூடும் மிஞ்சும்.

பின்சேர்க்கை 1

"போனோம், எல்லாம் வெள்ளையா இருக்கு, ஏமாத்திட்டீங்க" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இங்கே வருவது பெரும் பூநாரை. நிற்கும்போது வெளிறித்தான் தெரியும். ஒன்று சிறகை விரிக்கும் வரை காத்திருங்கள். ரோஜாச் சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் வெளியே வரும். அந்தச் சிவப்பும் பிறவியில் வந்ததல்ல. பாசியிலும் அதைத் தின்னும் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிதான் இறகில் ஏறுகிறது. சாம்பலும் பழுப்புமாக, கால்கூட மங்கலாக நிற்பவை இளசுகள். நிறம் ஏற இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். கூடு தேடாதீர்கள். நம் நாட்டில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில். சேற்றைக் குவித்து மேடாக்கி ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சுக்குத் தாய், தகப்பன் இரண்டும் தொண்டையில் சுரக்கும் சிவந்த பாலை ஊட்டும்.

பின்சேர்க்கை 2

மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாயில் எடுத்த படத்தை அனுப்பி "இங்கயே பூநாரை இருக்கே, எதுக்கு ராமேஸ்வரம்?" என்று கேட்ட தம்பிக்கு: அது மஞ்சள் மூக்கு நாரை. வால் பக்கம் உள்ள இளஞ்சிவப்பு இறகுதான் ஆளை ஏமாற்றும். அலகைப் பாருங்கள். நீளமாக, மஞ்சளாக, நுனி மட்டும் லேசாக வளைந்திருக்கும். தலையைக் கவிழ்க்காது. அலகைப் பாதி திறந்து தண்ணீரில் துழாவும், மீன் பட்டதும் கவ்வும்.

தனுஷ்கோடிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் குள்ளமாக, நிறம் தூக்கலாக, அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக நின்றால் அது சிறிய பூநாரையாக இருக்கலாம். மங்கலாக இருந்தாலும் சரி, ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள்.